காது மெஷின் ரீசார்ஜபிள் பேட்டரியை நிறுத்திவிட்டார்கள், மாற்று என்ன?

செவ்வந்தி:
அப்பாவுக்கு இரண்டு காதுக்கும் மெஷின், காதுக்குப் பின்னால் மாட்டுவது. உள்ளே 312 அளவில் ரீசார்ஜபிள் பட்டன் பேட்டரி. ராத்திரி கழற்றி அப்படியே சார்ஜரில் வைத்தால் காலையில் தயார். இப்போது சாயங்காலம் ஆவதற்குள் பீப் அடித்து அணைந்துவிடுகிறது. பேட்டரியை மட்டும் மாற்றலாம் என்று வாங்கிய இடத்தில் கேட்டால், "கம்பெனி அந்த பேட்டரியை நிறுத்திவிட்டது, மெஷினையே மாற்றிவிடுங்கள்" என்கிறார்கள். மெஷினில் ஒரு குறையும் இல்லை. அதன் சத்தத்துக்கு அப்பா பழகவே ஒரு வருடம் பிடித்தது.

அப்பாவுக்குக் கை நடுக்கம் உண்டு. பட்டாணி அளவு பேட்டரியைக் கழற்றி மாட்ட முடியாது என்றுதான் ரீசார்ஜபிள் வாங்கினோம். ஆன்லைனில் ஓரிடத்தில் 312 அளவில் "300 மில்லி ஆம்பியர்-ஹவர் ரீசார்ஜபிள்" என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?

சும்மாவந்தவன்:
எல்ஆர்41 பட்டன் செல் போட்டுப் பாருங்க. டிஜிட்டல் தெர்மாமீட்டர்ல இருக்குமே, அதுதான். அளவு அச்சு அசல் 312 மாதிரியே. எங்கேயும் கிடைக்கும்.

பட்டன்செல்:
அளவு ஒன்றுதான், அதை மறுக்கவில்லை. 312-ன் விட்டம் 7.9 மில்லிமீட்டர், கனம் 3.6. எல்ஆர்41-க்கும் அதே அளவு. 312-ன் சர்வதேசப் பெயரே பிஆர்41. பின்னால் வரும் எண் உடம்பின் அளவைச் சொல்கிறது, முன்னால் வரும் எழுத்து உள்ளே என்ன சரக்கு என்று சொல்கிறது. பி என்றால் ஜிங்க் ஏர் (துத்தநாகமும் காற்றும் சேர்ந்து ஓடும், சார்ஜ் செய்யாத சாதாரண காது மெஷின் பேட்டரி), எல் என்றால் ஆல்கலைன், எஸ் என்றால் சில்வர் ஆக்சைடு. இதே கணக்கில் மற்ற காது மெஷின் பேட்டரி அளவுகளில் 13-க்கு பிஆர்48, 675-க்கு பிஆர்44, 10-க்கு பிஆர்70.

உள்ளே போகும் என்பதற்காக ஓடும் என்று சொல்ல முடியாது. எல்ஆர்41-ன் கொள்ளளவு சுமார் 30 மில்லி ஆம்பியர்-ஹவர்தான். அதன் வோல்டேஜ் 1.5-ல் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டே வரும். காது மெஷினோ கடைசிவரை ஏறக்குறைய ஒரே வோல்டேஜ் எதிர்பார்க்கிறது. ஆக, இரண்டு நாளில் தூக்கிப் போட வேண்டிய செல். போதாக்குறைக்கு மறந்து உள்ளேயே விட்டால் கசிந்து தொடுமுனையை அரிக்கும். அவசரத்துக்கு ஒரு நாள் ஓட்டலாம், அவ்வளவுதான்.

இப்போது செவ்வந்தியின் கேள்வி. அந்த 300 கணக்கு சுத்தப் பொய். 312 அளவில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்ற ரீசார்ஜபிள் வகை பேட்டரிக்கு 25-ஐ ஒட்டித்தான் கொள்ளளவு வரும். அதே உடம்பில் ஜிங்க் ஏர் 170, 180 வரை தரும். அது எப்படி என்றால், ஜிங்க் ஏர் தன் ஒரு பாதி வேலைக்கு வெளிக்காற்றில் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. அதனால் டப்பா முழுக்க துத்தநாகத்தை அடைத்துவிடலாம். ரீசார்ஜபிளில் இரண்டு பக்கச் சரக்கும் உள்ளேயே இருந்தாக வேண்டும். 300 என்று அச்சடித்து விற்பவர்கள் 13 அளவு ஜிங்க் ஏரின் எண்ணைப் பார்த்து எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். தொடாதீர்கள்.

முதலில் ஒன்று செய்யுங்கள். பழைய பேட்டரியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பிளஸ் குறி உள்ள தட்டையான முகத்தில் ஊசிக் குத்து மாதிரி சின்னச் சின்ன ஓட்டை இருந்தால் அது ஜிங்க் ஏர். ஓட்டை இல்லாமல் மழமழவென்று இருந்தால் ரீசார்ஜபிள். அதன் மேல் 1.2 வோல்ட் என்றோ நிக்கல் மெட்டல் ஹைட்ரைடைக் குறிக்கும் எழுத்தோ இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

செவ்வந்தி:
பார்த்தேன். ஓட்டை இல்லை. 1.2 வோல்ட் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. செல்போன் கேமராவில் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது.

காதோரம்:
நான் ஆடியாலஜிஸ்ட், கேட்கும் திறனைச் சோதித்து மெஷின் பொருத்துபவர். இந்தக் கேள்வி எங்களிடம் அடிக்கடி வருகிறது.

செவ்வந்தி, பேட்டரி கெட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு சோதனை. இன்று ராத்திரி வலது மெஷினை இடது குழியிலும் இடதை வலது குழியிலும் வைத்து சார்ஜ் செய்யுங்கள். சில சார்ஜர்களில் குழியின் வடிவம் மாறியிருக்கும், அப்படியென்றால் பேட்டரிகளை மட்டும் இடம் மாற்றிப் போடுங்கள். சீக்கிரம் அணையும் கோளாறு பேட்டரியோடு கூடவே போனால் பேட்டரி போய்விட்டது. அதே குழியில் வைத்த மெஷின்தான் அணைகிறது என்றால் சார்ஜரில் கோளாறு. வியர்வை உப்பும் காதுக் குறும்பியும் தொடுமுனையில் படிந்து பாதிதான் சார்ஜ் ஏறியிருக்கும். காய்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஸ்பிரிட் வேண்டாம், மைக் துளைக்குள் இறங்கினால் வேறு வம்பு.

செவ்வந்தி:
நன்றி மேடம். மாற்றி வைத்துப் பார்த்தேன். இரண்டுமே எங்கே வைத்தாலும் சாயங்காலம் அணைகின்றன. பேட்டரிக்கு வயது இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கும்.

காதோரம்:
அப்படியென்றால் பேட்டரிதான். தினமும் சார்ஜ் ஏற்றி இறக்கும் நிக்கல் பட்டன் பேட்டரியை வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வோம். இரண்டு வருடம் தாண்டியதே பெரிது.

உங்கள் மெஷினுக்கு வழி சுலபம். அதே 312 அளவு சாதாரண ஜிங்க் ஏர் போட்டுவிடுங்கள், பழுப்பு நிற ஸ்டிக்கர் ஒட்டியது. நிக்கல் பட்டன் பேட்டரி எடுக்கும் மெஷின்கள் பெரும்பாலும் ஜிங்க் ஏருக்காகவே வடிவமைக்கப்பட்டவை. சார்ஜர் பின்னால் சேர்ந்த வசதி. உங்கள் மாடலுக்கு அப்படித்தானா என்று கையேட்டில் ஒரு வரி பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி கதவில் காற்று போக ஒரு சின்ன இடுக்கோ துளையோ இருக்கிறதா என்றும் பாருங்கள். காற்று இல்லாவிட்டால் ஜிங்க் ஏர் மூச்சுமுட்டி நின்றுவிடும்.

செவ்வந்தி:
துளை இருக்கிறது. ஆனால் வாரா வாரம் யார் மாற்றுவது? நான் வேறு ஊரில் இருக்கிறேன். அம்மாவுக்குக் கண் பார்வை குறைவு.

பட்டன்செல்:
முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். ஒரு சாதாரண மெஷின் மணிக்கு ஒன்றரை மில்லி ஆம்பியர்-ஹவர் குடிக்கிறது என்று வையுங்கள். நிக்கல் பேட்டரியின் 25-ஐ 1.5-ஆல் வகுத்தால் 16 மணி நேரம், புதிதாக இருக்கும்போது. ஒரு நாளுக்குச் சரியாக இழுத்துப் பிடிக்கும். வயதாகி 15 ஆகிவிட்டால் 10 மணி நேரம். அதுதான் உங்கள் சாயங்கால பீப். ஜிங்க் ஏரில் 170 வகுத்தல் 1.5 என்றால் 113 மணி நேரம். தினம் 14 மணி நேரம் மாட்டினால் எட்டு நாள். ஆக வாரம் ஒரு முறை, இரண்டு காதுக்கும் சேர்த்து.

புளூடூத்தில் பாட்டு, போன் எல்லாம் கேட்கிற மெஷின் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது 4, 5 மில்லி ஆம்பியர் வரை போகும்.

திருப்புளி:
கை நடுக்கத்துக்கு நுனியில் காந்தம் வைத்த குச்சி இருக்கிறது, மெஷின் விற்கும் இடத்திலேயே கேட்டால் தருவார்கள். செல் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். சில பேட்டரி அட்டைகளில் ஸ்டிக்கரின் வால் நீளமாக இருக்கும். அந்த வாலைப் பிடித்துக்கொண்டே செல்லைக் கதவுக்குள் உட்கார வைத்துவிட்டு அப்புறம் உரிக்கலாம். என் மாமனார் அப்படித்தான் சமாளிக்கிறார், அவருக்கும் நடுக்கம்தான்.

காதோரம்:
திருப்புளி சொன்னது நல்ல யோசனை, ஒரே ஒரு திருத்தம். உள்ளே வைத்துவிட்டு உரித்தால் உடனே கதவை மூடாதீர்கள். ஸ்டிக்கர் உரித்தபின் காற்று உள்ளே போய் வோல்டேஜ் ஏற ஒன்றிரண்டு நிமிடமாவது ஆகும். ஐந்து நிமிடம் விட்டால் இன்னும் நல்லது. உரித்த ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டி பேட்டரியைச் சேமிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். உரித்த பிறகு அது ஓடத் தொடங்கியாயிற்று, மெஷினில் இருந்தாலும் மேசையில் இருந்தாலும் சில வாரங்களில் தீரும்.

செவ்வந்தி, இதைக் கவனமாகப் படியுங்கள். சார்ஜரை அப்பா கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுங்கள். பல வருடப் பழக்கம், ராத்திரியானால் கை தானாகச் சார்ஜருக்குப் போகும். ஜிங்க் ஏர் சார்ஜ் செய்யக் கூடாத பேட்டரி. சார்ஜ் ஏற்றினால் உள்ளே வாயு சேர்ந்து கசியும், வெடிக்கவும் கூடும். சில சார்ஜர்கள் தங்கள் சொந்த பேட்டரியை மட்டுமே அடையாளம் கண்டு ஏற்றும், எல்லாமே அப்படி இல்லை. ராத்திரி அந்த இடத்தில் ஒரு கிண்ணம் வையுங்கள். மெஷினைக் கழற்றி, பேட்டரி கதவைத் திறந்து, கிண்ணத்தில் வைக்கட்டும். திறந்தாலே மெஷின் அணைந்துவிடும்.

ஈரம் உறிஞ்சும் மாத்திரை டப்பா வைத்திருந்தால் பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு மெஷினை மட்டும் அதில் போடுங்கள். அந்த வறட்சியில் ஜிங்க் ஏர் காய்ந்துவிடும்.

நீலவால்:
நடுவில் புகுந்துவிட்டேன், மன்னிக்கவும். என்னுடையதும் 312 அளவு ரீசார்ஜபிள்தான், ஆனால் சில்வர் ஜிங்க் என்று எழுதியிருக்கிறது. அதுவும் கிடைப்பதில்லை. பழைய சரக்கு ஒருவரிடம் இருக்கிறதாம், பாக்கெட் பிரிக்காதது. நான் என்ன செய்வது?

பட்டன்செல்:
சில்வர் ஜிங்க் கதை தனி. அமெரிக்காவின் ஸீபவர் நிறுவனம்தான் காது மெஷினுக்கு அதைக் கொண்டுவந்தது. பல பெரிய மெஷின் கம்பெனிகள் தங்கள் மாடல்களுக்கு அதைக் கொடுத்தன. 2020-ல் அந்த நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனது, வரத்து நின்றது. வகை என்னவோ பழம்பெருமை உள்ளது. அப்பல்லோவில் நிலவில் இறங்கிய கலத்துக்கு மின்சாரம் கொடுத்ததும் சில்வர் ஜிங்க்தான், அது சார்ஜ் செய்யாத ரகம் என்றாலும்.

இதில் கவனிக்க வேண்டியது பேட்டரி கதவு. சில்வர் ஜிங்க் முழுச் சார்ஜில் 1.8 வோல்ட் வரை நிற்கும், பாதி இறங்கியதும் 1.5-க்கு வரும். மெஷினின் சிப் அவ்வளவை எதிர்பார்க்கவில்லை. அதனால் அந்தக் கதவுக்குள்ளேயே வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு பொடிச் சர்க்யூட் வைத்திருப்பார்கள். அதே கதவில் சாதாரண ஜிங்க் ஏரும் போடலாம் என்பது அதன் வடிவமைப்பிலேயே உண்டு, சார்ஜ் போட மறந்த நாளுக்காக. நீங்கள் இன்றே கடைக்குப் போய் பழுப்பு ஸ்டிக்கர் 312 வாங்கிப் போடலாம். தலைகீழாக மட்டும் செய்யாதீர்கள்: சாதாரணக் கதவுள்ள மெஷினில் சில்வர் ஜிங்க் பேட்டரி போகக் கூடாது.

பழைய சரக்கு வேண்டாம் என்பேன். பட்டன் ரீசார்ஜபிள் எதுவானாலும் அட்டையில் இருந்தபடியே வருடக்கணக்கில் தன்னைத்தானே தின்றுவிடும். பிரிக்காத பாக்கெட் என்பதால் புதியது ஆகிவிடாது.

நீலவால்:
கதவை மாற்றாமலே ஓடும் என்று இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையே! போட்டுப் பார்த்துவிட்டேன், ஓடுகிறது. சார்ஜரை அலமாரி மேலே ஏற்றிவிட்டேன்.

கேள்விக்கொத்து:
என்னுடையது லித்தியம் அயன், சீல் செய்தது, கதவே கிடையாது. ஐந்து வருடம் ஆகிறது. மதியம் 3 மணிக்கு முடிந்துவிடுகிறது. மாடலை நிறுத்திவிட்டார்கள். இதற்கும் ஜிங்க் ஏர் வழி உண்டா?

பட்டன்செல்:
இல்லை. லித்தியம் 3.6 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2. ஜிங்க் ஏர் 1.4. இரண்டும் வேறு சாதி. மெஷினுக்குள்ளேயே வோல்டேஜை இறக்கும் சிப் இருக்கிறது, அதற்கு 1.4 போதாது.

திருப்புளி:
கதவு இல்லை என்றால் என்ன, திறந்துவிட வேண்டியதுதான். வாரன்டி முடிந்த என் பழைய மெஷின் ஒன்றைத் திறந்தேன். இரண்டு ஓடுகளையும் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். மெல்லிய பிளேடை இடுக்கில் விட்டு மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்தினால் பிரிகிறது. உள்ளே செல்லின் இரு முகத்திலும் நிக்கல் பட்டை வெல்டு செய்திருக்கிறது. அதைப் பிய்க்காமல் பட்டையின் நடுவில் வெட்டி, பட்டையோடு வரும் புதுச் செல்லை அந்த வெட்டு முனையில் சால்டர் செய்தேன். செல்லின் மேல் சூடு படக் கூடாது. காலை முதல் ராத்திரி வரை ஓடுகிறது. இதற்கு எதற்கு ஆயிரம் பயமுறுத்தல்?

காதோரம்:
தம்பி, கைத்திறமையைப் பாராட்டுகிறேன். ஆனால் இதைப் படித்துவிட்டு நாளை ஒருவர் காய்கறிக் கத்தியோடு உட்காருவார். ஓட்டைத் திரும்ப எப்படி மூடினீர்கள்?

திருப்புளி:
புதுச் செல் கொஞ்சம் கனம் அதிகம். ஓடு முழுசாகப் பொருந்தவில்லை, சுற்றிலும் மெல்லிய டேப். வெளியே பார்த்தால் தெரியாது.

காதோரம்:
அந்த டேப் இடுக்கு வழியாக வியர்வை உள்ளே போகும். தூசியும் நீரும் புகாத தரம் போயே போய்விட்டது. மைக்கும் அந்த ஓட்டுக்குள்தான் இருக்கிறது.

பட்டன்செல்:
வியர்வையைவிட எனக்கு வேறு கவலை. திருப்புளி, அந்தச் செல்லின் சார்ஜ் வரம்பு என்ன? பட்டன் லித்தியத்தில் 4.2 வோல்ட் வரை ஏற்றுவதும் உண்டு, 4.35 வரை ஏற்றுவதும் உண்டு. வெளியே பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். சார்ஜ் எங்கே நிறுத்துவது என்பதை மெஷின் பக்கச் சிப் முடிவு செய்கிறது. அது 4.35-க்கு அமைத்திருந்து நீங்கள் 4.2 செல்லைப் போட்டால் ஒவ்வொரு ராத்திரியும் அளவுக்கு மேல் ஏறும். அது உடனே தெரியாது. மாதக்கணக்கில் ஓடிவிட்டு ஒரு நாள் உப்பும். அதை மாட்டியிருப்பது காதுக்குப் பின்னால், மண்டை ஓட்டை ஒட்டி.

அளவும் அப்படித்தான். இந்த லித்தியம் செல்களின் பெயராக வரும் எண்ணில் முதல் இரண்டு இலக்கம் விட்டம், கடைசி இரண்டு கனம். 1254 என்றால் 12 மில்லிமீட்டர் விட்டம், 5.4 கனம். அது காதில் செருகும் இயர்பட்ஸுக்கு. காது மெஷினில் இருப்பது அதைவிடப் பொடிசு. நீங்கள் இயர்பட்ஸ் செல்லைப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அதனால்தான் கனம் இடித்தது.

திருப்புளி:
4.35 விஷயம் ஞாயம். மீட்டர் வைத்து அளந்துவிட்டு வருகிறேன்.

கேள்விக்கொத்து:
எனக்கு பிளேடு வேண்டாம். வேறு வழி?

காதோரம்:
வரிசையாக முயன்று பாருங்கள். மாடலை விற்பனையில் நிறுத்துவது வேறு, சர்வீசை நிறுத்துவது வேறு. கடைக்காரர் "நிறுத்தியாயிற்று" என்று சொல்வது பெரும்பாலும் முதலாவது. விற்பனை நின்ற பிறகும் உதிரிபாகம் சில வருடங்களுக்கு வைத்திருப்பார்கள். மெஷினின் வரிசை எண்ணைக் கொடுத்து, செல் மாற்ற அனுப்ப முடியுமா என்று கம்பெனி சர்வீஸ் பிரிவிலேயே எழுத்தில் கேளுங்கள். பல மாடல்களில் செல்லை மட்டும் மாற்ற மாட்டார்கள், உடல் பகுதி முழுவதையும் புதிதாகக் கொடுத்து உங்கள் செட்டிங்கை அதில் ஏற்றுவார்கள். பல கம்பெனி மெஷின்களைப் பார்க்கும் தனியார் பழுதுபார்ப்புக் கூடங்களும் உண்டு, வரம்பு தெரிந்து செல் போடுவார்கள், ஓட்டையும் முறையாக மூடுவார்கள். அனுப்பும் முன் உங்கள் ஆடியாலஜிஸ்ட் செட்டிங்கைச் சேமித்து வைத்திருக்கிறாரா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அது போய்விட்டால் மெஷின் வந்தும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அதுவரை மதியம் சாப்பிடும்போது ஒரு அரை மணி சார்ஜரில் வைத்து எடுங்கள். லித்தியத்துக்கு இடையில் ஏற்றுவதால் கெடுதல் இல்லை. முழுசாக இறங்கவிட்டு வாரக்கணக்கில் பெட்டியில் போட்டு வைப்பதுதான் அதைக் கொல்லும்.

சும்மாவந்தவன்:
புதுசா வாங்குறவங்க அப்போ எதை வாங்கணும்? கதவு வச்சதையா, சீல் வச்சதையா?

காதோரம்:
விரலும் கண்ணும் ஒத்துழைத்தால் கதவு வைத்தது. ஜிங்க் ஏர் அளவுகள் பல பத்தாண்டுகளாக மாறவில்லை, எந்த கம்பெனி மூடினாலும் இன்னொன்று அதே அளவில் செய்யும். விரல் ஒத்துழைக்காதவருக்கு லித்தியம்தான் வரம், அவரிடம் போய்க் கதவு வாங்கு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாங்கும் அன்றே செல் மாற்றுவது யார், எத்தனை வருடம் வரை என்று எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்வேன்.

பட்டன்செல்:
எனக்கு இதில் உடன்பாடு பாதிதான். சத்தம் அதிகம் தேவைப்படும் காதுக்கு 675 அளவு ஜிங்க் ஏர் எவ்வளவோ மேல். திடீரென்று உரத்த சத்தம் வரும்போது மெஷின் ஒரே இழுப்பில் நிறைய மின்சாரம் கேட்கும். அந்த இடத்தில் பழைய நிக்கல் ரீசார்ஜபிள் தொய்ந்துவிடும், டுப் டுப் என்று தானாகச் சத்தம் போடும். அப்படிப்பட்டவர்களுக்கு விரல் பிரச்சினை இருந்தாலும் வீட்டில் யாராவது மாற்றிக் கொடுப்பதே நல்லது.

செவ்வந்தி:
சொல்ல மறந்துவிட்டேன். போன வாரம் ஊருக்குப் போய் ஜிங்க் ஏர் போட்டு, சார்ஜரைக் கையோடு எடுத்துவந்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பையன் ஞாயிற்றுக்கிழமை வந்து மாற்றிக் கொடுப்பதாக ஏற்றுக்கொண்டான். அப்பாவுக்கு ஏக சந்தோஷம், ராத்திரி பத்து மணிச் செய்திவரை ஓடுகிறது. ஒரே சந்தேகம், இடது பக்க பேட்டரி ஒரு நாள் முன்னதாகவே தீர்ந்துவிட்டது. மெஷினில் கோளாறா? பழைய நிக்கல் பேட்டரிகளை என்ன செய்வது?

காதோரம்:
அப்பாவுக்கு இடது காது இன்னும் மந்தமாக இருக்குமே? அந்தப் பக்கம் மெஷின் அதிகம் உழைக்கிறது, அதிகம் குடிக்கிறது. ஒரு நாள் வித்தியாசம் சகஜம். பாதிக்குப் பாதி என்று ஆனால் மட்டும் காட்டுங்கள். ஒன்று தீர்ந்தாலும் பையனை இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லிவிடுங்கள், எது எப்போது போட்டது என்ற குழப்பம் வராது.

பழைய பேட்டரியின் இரு முகத்திலும் டேப் ஒட்டி, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். அதுவரை சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். எந்தக் குழந்தையாவது பட்டன் பேட்டரியை விழுங்கியது போல் சந்தேகம் வந்தால் கூட, காத்திருந்து பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரி.

திருப்புளி:
அளந்துவிட்டேன். சார்ஜ் 4.2-ல் நின்றது. ஆனால் டேப் இடுக்கில் ஈரம் இருக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். காதோரம் மேடம், அந்தத் தனியார் கூடங்களில் ஓட்டை மட்டும் மூடித் தருவார்களா?

காதோரம்:
கேட்டுப் பாருங்கள். ஆனால் உள்ளே பார்த்ததும் செல்லையும் சேர்த்துத்தான் மாற்றுவோம் என்பார்கள், அவர்கள் உத்தரவாதம் தர வேண்டுமே.